அத்தானின் படம் வந்த பேப்பர்

அத்தானின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்து, கேக்குக்குச் சொல்லி, யார் யாருக்குப் பக்கத்தில் யாரை இருத்தக்கூடாது என்பதையும் பேசி முடித்த பிறகுதான் அக்காவின் மகளுக்கு அந்தப் படத்தின் நினைவு வந்தது.

"சித்தி, அப்பாவின்ர வெஜிடபிள் போட்டோ இல்லாம ஸ்லைட்ஷோ செய்யேலாது," என்றாள் தொலைபேசியில்.

எங்கள் குடும்பத்தில் அந்தப் படத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் கிடையாது. பார்த்தவரும் கிடையாது. அக்காவும் அத்தானும் மோர்டனில் வீடு வாங்குவதற்கு முன்னர், லண்டனின் தெற்கு விளிம்பைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் வாடகைக்கு இருந்தார்கள். அங்கே கவுன்சில் கொடுத்த தோட்டத் துண்டில், யாரோ கழற்றி எறிந்த யன்னல்களைப் பொருத்தி ஒரு கண்ணாடிக் கூடு கட்டி, அதற்குள் அத்தான் புடலங்காய் வளர்த்தார். நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுப்பதுபோல நேரம் பார்த்துத் தண்ணீர் விட்டு வளர்த்த காய். ஊர்க் கோடைவிழாவில் அதற்கு முதற்பரிசு கிடைத்தது. உள்ளூர்ப் பேப்பரில் படமும் வந்தது.

இதை அத்தான் எல்லாக் கலியாண வீட்டிலும் சொல்லுவார். கதை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் முடியும். "அந்தப் பேப்பரை மேசையில வைச்சிட்டு வேலைக்குப் போனன். வந்து பாத்தா இவ அதுக்கு மேல வடையைப் போட்டு எண்ணெய் வடிய விட்டிருக்கிறா."

எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பல் மட்டும் தெரியும், கண் சிரிக்காது. மகளின் பிறந்தநாளுக்கு வடை சுட்ட அவசரத்தில் புருஷனுடைய வாழ்நாள் பெருமையை எண்ணெயில் ஊறவைத்தவள் என்ற பெயரை அவள் முப்பது வருடமாகச் சுமந்து வந்தாள்.

அந்தப் பேப்பர் எப்போதோ நின்றுவிட்டது. ஆனால் பழைய இதழ்களைக் கட்டிப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள் என்று மகள் எங்கெங்கோ மின்னஞ்சல் அனுப்பிக் கண்டுபிடித்தாள். அந்த மாவட்டத்து ஆவணக் காப்பகத்தில் இருந்தது. கணினியில் ஏற்றவில்லை, நேரில்தான் போய்ப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேலை. எனக்கு, நான் வேலைசெய்யும் பள்ளிக்கூடத்தில் விடுமுறை. அக்காவுக்கு விடுமுறை தேவையில்லை, காரணம் இருந்தது.

"நானும் வாறன்," என்றாள் அக்கா. "கண்டுபிடிச்சு அந்தாளின்ர கையில குடுக்கிறன். இந்த வடைக் கதை இதோட முடியட்டும்."

அத்தானிடம் அப்டன் பார்க்கில் சேலை பார்க்கப் போவதாகச் சொன்னோம். சேலை என்றால் அவர் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார், கூட வரச் சொல்லிவிடுவோமோ என்ற பயம்.

நான் வடக்கே எட்மண்டனிலிருந்து லண்டனைக் குறுக்கே கடந்து மோர்டனுக்குப் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு, அங்கிருந்து இரண்டு பஸ் மாறிக் காப்பகத்துக்குப் போனேன். புதுக் கட்டடம். நூலகம் மாதிரியும் இல்லை, ஆஸ்பத்திரி மாதிரியும் இல்லை, ஆனால் இரண்டு இடத்திலும் உள்ள அமைதி இருந்தது. வரவேற்பில் கழுத்தில் கண்ணாடி தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். பேனை கொண்டுபோகக்கூடாது, பென்சில்தான். மேலங்கி, தண்ணீர்ப் போத்தல், சாப்பாடு எதுவும் உள்ளே கூடாது. கைப்பையை வெளியே பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும்.

கடைசி விதியில்தான் சிக்கல் வந்தது. அக்கா, ஸ்கான் எடுக்கும் மெஷினுக்குள் போகும்போதுகூடக் கைப்பையை எங்கே வைக்கிறார்கள் என்று தலையைத் தூக்கிப் பார்த்தவள்.

"பூட்டு நல்லதோ எண்டு கேளடி."

கேட்டேன். நல்ல பூட்டுத்தான் என்றார் பெண்மணி. தேவையான சாமான்களைக் கொண்டுபோக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை ஒன்றும் தந்தார். அக்கா தேவையான சாமான்களை அதற்குள் மாற்றினாள். மூக்குக்கண்ணாடி, இருமல் குளிசை, சீப்பு, திருநீற்றுப் பொட்டலம், வளையத்தில் கோத்த வீட்டுத் திறப்பு, வேறு யாருடையதோ வீட்டுத் திறப்பு, பஸ்ஸில் தலைசுற்றினால் முகர ஒரு தேசிக்காய், கடைசியாகக் கடதாசியில் சுற்றிய முறுக்குச் சரை. பெண்மணி முறுக்கை மட்டும் மரியாதையாக எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். தேசிக்காயை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டார். அக்கா தன் வாழ்க்கை முழுவதும் வெளியே தெரியும்படியான அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

உள்ளே நீண்ட மேசைகள். ஒரு கிழவர் பூதக்கண்ணாடியால் ஏதோ வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு இரண்டு பெரிய கட்டுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, பஞ்சுத் தலையணை போன்ற தாங்கிகளின் மேல் வைத்தார்கள். ஒவ்வொன்றும் கைக்குழந்தைத் தொட்டில் அளவு. ஏன் இரண்டு என்றால், வடை சுட்டது மகளின் முதலாவது பிறந்தநாளுக்கா இரண்டாவதற்கா என்று அக்காவுக்கு நிச்சயமில்லை. ஓகஸ்ட் மாதம் என்பது மட்டும் நிச்சயம்.

"பாவம், படுக்கையெல்லாம் போட்டு வைச்சிருக்கினம்," என்று தலையணையைத் தடவிப் பார்த்தாள். பிறகு சுட்டுவிரலை நாக்கில் தொட்டு முதற்பக்கத்தைப் புரட்டப் போனாள்.

எங்களோடு உள்ளே வந்து மேற்பார்வை மேசையில் இருந்த பெண்மணி அறையின் மறுகோடியிலிருந்து அவ்வளவு வேகமாக வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தயவுசெய்து எச்சில் வேண்டாம், காய்ந்த விரல் போதும் என்று மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"என்னவாம்?"

"எச்சில் தொடக்கூடாதாம்."

"நான் சுத்தமாத்தானே இருக்கிறன்," என்றாள் அக்கா. ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவள் பேசும் குரல் மோர்டன் சந்தியில் நின்றால் பஸ் டிரைவருக்குக் கேட்கும். பூதக்கண்ணாடிக் கிழவர் எங்களைப் பார்த்தார். கண்ணாடி வழியாகவே பார்த்தார்.

முதற்கட்டை ஜூலையிலிருந்து தொடங்கினோம். நேராக ஓகஸ்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஜூலை முதல் வாரத்திலேயே அக்கா ஒரு செய்தியில் விழுந்துவிட்டாள். கடைத்தெரு முனையில் இருந்த பொதுக் கழிப்பறையை மூடப்போவதாகக் கவுன்சில் அறிவித்திருந்தது.

"எடி, இது எனக்குத் தெரிஞ்ச கக்கூஸ்! வயித்துப்பிள்ளையோட மார்க்கெட்டுக்குப் போனா எனக்கு இதைவிட்டா வேற கதி இல்லை. இதையோ மூடப்போறாங்கள்?"

அடுத்த வாரம் பொதுமக்கள் கூட்டம். அதற்கடுத்த வாரம், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கழிப்பறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வாரத்துக்கு வாரம் அக்காவின் நிலைமை மோசமாகியது. புடலங்காயை மறந்துவிட்டாள். கவுன்சிலர் ஒருவரை எனக்குத் தமிழில் திட்டிக் காட்டினாள். நான் விளையாட்டு, வீட்டு விளம்பரம், மரண அறிவித்தல் என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஓகஸ்ட் முழுவதும் பார்த்தாயிற்று. கோடைவிழாச் செய்தி இருந்தது, அத்தானும் இல்லை, புடலங்காயும் இல்லை.

"இந்த வருஷம் இல்லை அக்கா. இரண்டாவது பிறந்தநாள்தான்."

"பொறு. கக்கூஸ் என்னாச்சு?"

"அதைப் பேந்து பாப்பம்."

"பேந்து எண்டா எப்ப? இன்னொருக்கா ரெண்டு பஸ் மாறி வந்து பாக்கிறதே?"

ஒக்டோபர் வரை புரட்டிக் கழிப்பறை காப்பாற்றப்பட்டது என்று உறுதிப்படுத்திய பிறகுதான் அவள் இரண்டாவது கட்டைத் தொட விட்டாள்.

இரண்டாவது கட்டில் நேராக ஓகஸ்டுக்குப் போனேன். கோடைவிழாவுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பரிசு விபரங்கள் ஒரு ஓரத்தில் பொடி எழுத்தில். 'ஏனைய காய்கறிகள்' என்ற பிரிவில் முதற்பரிசு என்று போட்டு அத்தானின் பெயர், இரண்டு எழுத்து குறைவாக. இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு என்ற இடங்களில் ஒருவரும் இல்லை.

"அப்ப போட்டிக்கு இவர் ஒராள்தானோ?" என்றாள் அக்கா.

"அப்பிடித்தான் தெரியுது."

"சரி, முதற்பரிசு முதற்பரிசுதானே," என்று புருஷனை விட்டுக்கொடுக்காமல் சொல்லிவிட்டுப் படத்தைத் தேடினாள்.

பக்கத்தின் நடுவில் இரண்டு படங்கள் அருகருகே இருந்தன. இடதுபக்கத்தில் அத்தான். தலை நிறைய மயிர், மெல்லிய மீசை, கலியாணத்துக்குத் தைத்த கோட். படம் எடுத்தவர் சொல்லியிருக்க வேண்டும், புடலங்காயைக் கழுத்தைச் சுற்றி மாலைபோலப் போட்டிருந்தார். காயின் வால்பக்கம் வளைந்து அவர் கையில் இருந்தது. வலதுபக்கத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன். அதே விழாவில் நடந்த வளர்ப்புப் பிராணிகள் போட்டியில் வென்றவன். அவன் கழுத்தைச் சுற்றி ஒரு மலைப்பாம்பு.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "என்ன வடிவாயிருந்த மனிசன்," என்றாள். "எனக்கு எழுத்து மங்கலாத் தெரியுது. கீழ என்ன எழுதியிருக்கு? வாசி."

அத்தானின் படத்துக்குக் கீழே இருந்ததை வாசித்து, மெதுவாகத் தமிழில் சொன்னேன். "'பார்க்கத்தான் பயமாக இருப்பான், ஆனால் பரம சாது. வாரத்துக்கு ஒரு எலி போதும். இரவில் என் கட்டிலுக்குக் கீழேதான் படுப்பான்,' என்கிறார் பத்து வயது உரிமையாளர்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வலதுபக்கப் படத்துக்குக் கீழே இருந்ததை வாசித்தேன். பையன் பாம்பின் தலையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "'தோலை மெல்லச் சுரண்டி, வட்டம் வட்டமாக வெட்டித் தேங்காய்ப்பாலில் வேகவைத்தால் இதைப்போல ருசி வேறொன்றுக்கும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விருப்பம்.'"

முதலில் அக்காவிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு பிரஷர் குக்கர் போலச் 'சூ' என்று ஒன்று கிளம்பியது. நான் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டேன். அது உதவவில்லை, மூக்கால் வந்துவிட்டது. பூதக்கண்ணாடிக் கிழவர் எழுந்து நின்றார். பெண்மணி வந்தார். என்ன நடந்தது, சுகமில்லையா என்று கேட்டார். நான் பக்கத்தைச் சுட்டிக் காட்டினேன். அவர் கழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடதுபக்கத்தை வாசித்தார், வலதுபக்கத்தை வாசித்தார். உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு, விறுவிறென்று வெளியே நடைபாதைக்குப் போய்விட்டார். கதவு மூடிய பிறகு அவருடைய சிரிப்பு எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

அடுத்த வாரப் பேப்பரில், கடைசிப் பக்கத்துக்கு முன்பக்கத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு திருத்தம் இருந்தது. படக்குறிப்புகள் இடம் மாறியதற்கு வருந்துகிறோம், கவலையோடு தொலைபேசி எடுத்த வாசகர்களுக்குப் பாம்பு நலமாக உள்ளது என்று அறியத்தருகிறோம். அதை வாசித்து இன்னொரு முறை சிரித்தோம். இம்முறை பெண்மணியும் எங்களோடு நின்றே சிரித்தார். கிழவர் வந்து பார்த்துவிட்டு, தனக்குப் புடலங்காய் எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"எடி, இந்தப் பேப்பர் வீட்டை வரவே இல்லை."

"என்ன?"

"வந்திருந்தா நான் வாசிச்சிருக்கமாட்டனே? எனக்கு அந்த நேரம் இங்கிலீஷ் படிக்கவெண்டு இவர்தானே ஒவ்வொரு கிழமையும் இந்தப் பேப்பரைத் தாறவர். இப்பிடியொரு பகிடியைப் பாத்திட்டு ஆரும் அதில வடை போடுவினமே?"

நான் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டி அத்தானின் மீசையைப் பார்த்தேன்.

"ஒளிச்சது இந்த மனிசன்தான்," என்றாள் அக்கா. "முப்பது வருஷம்! என்ர தலையில கட்டிப்போட்டு முப்பது வருஷமாக் கதை சொல்லிக்கொண்டு திரியிறார்!"

பக்கத்தைப் பிரதி எடுக்க அனுமதி உண்டு. பெரிய தாளில் இரண்டு பிரதிகள் எடுத்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா முறுக்குச் சரையைத் திறந்து, ஒவ்வொன்றாக நொறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டு வந்தாள். அந்தச் சத்தமே போதுமானதாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் சேலை கிடைத்ததா என்று அத்தான் தொலைக்காட்சியைப் பார்த்தபடி கேட்டார். மனதுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அக்கா நேரே குசினிக்குள் போய் உழுந்தை ஊறப் போட்டாள். என்னை இரவுச் சாப்பாட்டுக்கு நிற்கச் சொன்னாள். நிற்கச் சொல்லாவிட்டாலும் நின்றிருப்பேன்.

பொழுதுபட, சுடச்சுட வடை வந்தது. தட்டில் ஒரு பிரதியை விரித்து, அதன்மேல் வடைகளை அடுக்கி, அத்தானுக்கு முன்னால் வைத்தாள். அத்தானுக்குச் சந்தோஷம். முதல் வடையைச் சம்பலில் தோய்த்துச் சாப்பிட்டார். இரண்டாவதை எடுத்தபோது கீழே அவருடைய மீசை தெரிந்தது. மூன்றாவதை எடுத்தபோது புடலங்காய். அவர் கை அப்படியே நின்றது. மிச்ச வடைகளை ஒவ்வொன்றாக மெல்ல ஓரத்துக்கு நகர்த்தினார். எண்ணெய் ஊறிய தாளில் பையனும் பாம்பும் இன்னும் தெளிவாகத் தெரிந்தார்கள்.

"இது எங்க எடுத்தது?"

"எடுத்த இடத்தை விடுங்கோ. ஒளிச்ச இடத்தைச் சொல்லுங்கோ," என்றாள் அக்கா.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சம்பலைப் பார்த்தேன்.

"ஸ்டேஷன் குப்பைத்தொட்டி," என்றார் கடைசியில்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அன்று அவர் வேலைக்குப் போகமுதலே தொழிற்சாலையில் எல்லோரும் அந்தப் பேப்பரைப் பார்த்துவிட்டார்கள். பாம்பு எப்படி இருக்கிறது, கட்டிலுக்குக் கீழே படுக்க மனைவி விடுகிறாவா என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஒரு ரப்பர் எலியை அவருடைய மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்த வேலையில் இருந்த காலம் முழுக்க அவருக்குப் பெயர் 'பாம்பு'. மேலதிகாரிகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

"ஊருக்கு ஒரு கொப்பி அனுப்பவேணும் எண்டு இருந்தனான். படத்தைப் பாத்தா அம்மா சந்தோஷப்படுவா எண்டு. இதை எப்பிடி அனுப்புறது? வீட்டை வந்தா நீர் கேட்டீர், பேப்பர் எங்க எண்டு. நான் மேசையில வைச்சனான் எண்டு சும்மா சொன்னன். 'ஐயோ, அப்ப நான்தான் வடையை அதில போட்டனோ' எண்டு நீரே கேட்டீர்."

"அதுக்கு?"

"ஓம் எண்டன்."

அக்காவின் முகத்தில் கோபம் இருந்தது, அதைத் தள்ளிக்கொண்டு வேறு ஏதோவும் வரப்பார்த்தது.

"என்னட்டை அண்டைக்கே காட்டியிருக்கலாமே," என்றாள்.

"காட்டியிருந்தா நீரும் சிரிச்சிருப்பீர்."

"சிரிச்சுத்தான் இருப்பன்," என்றாள் அக்கா. சொல்லி முடிக்கமுதலே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் முகத்தைக் கடுமையாக வைத்திருக்கப் பார்த்தார். வாரத்துக்கு ஒரு எலி என்று நான் மெல்ல ஞாபகப்படுத்தினேன். அவ்வளவுதான், அவரும் விழுந்துவிட்டார். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி அந்தத் தேங்காய்ப்பால் குறிப்பைத் தானே சத்தமாக வாசித்து, மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். முப்பது வருடத்தில் அந்தக் குறிப்பை அவர் இரண்டாம் முறையாக வாசிப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறந்தநாள் மண்டபத்தில் மகள் இரண்டு படங்களையும் சுவர் அளவில் காட்டினாள். படத்துக்குக் கீழே இருந்ததைத் தானே வாசிக்கப்போவதாகச் சொல்லி அத்தான் மைக்கை வாங்கினார். மண்டபம் குலுங்கியது. தொழிற்சாலையில் ரப்பர் எலி வைத்ததையும் சொன்னார். அதில் கொஞ்சம் கைச்சரக்கு சேர்த்தார். அவர் சொன்னபடி பார்த்தால், எலியை வைத்தவன் கடைசியில் அவரிடம் புடலங்காய் விதை கேட்டு வந்தவனாம். பிறகு எல்லோருக்கும் முன்னால், வடைக் கதை தான் சொன்ன பொய் என்று சொல்லி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். அக்கா எழுந்து நின்று, கலியாணப் பொம்பிளைபோலத் தலையை மட்டும் ஆட்டி அதை ஏற்றுக்கொண்டாள்.

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது அத்தானின் நெடுநாள் சிநேகிதர் எங்களிடம் வந்தார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, கணக்காளராகி, இங்கேயே தங்கிவிட்டவர். பேச்சில் நிதானம், உடுப்பில் அதைவிட நிதானம். தானும் ஒருமுறை பேப்பரில் வந்ததாகச் சொன்னார். அதே மாவட்டத்தில் மாணவராக இருந்தபோது நகரபிதா ஒரு நூலகத்தைத் திறந்துவைக்க வந்தாராம், மழை பெய்ததாம், இவர்தான் குடை பிடித்தாராம்.

"நீங்க அங்க மறுபடி போனா, அப்படியே ஒரு பார்வை பார்த்துட்டு வாங்க," என்றார். "அவசரமில்ல. ஆனா எனக்கும் வயசாகுது."

மூன்று தடவை போனோம். அக்காவுக்கு இப்போது காப்பகத்தில் தனி நாற்காலி உண்டு என்று சொல்லலாம். வரவேற்புப் பெண்மணி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மூன்றாவது தடவை நகரபிதா அகப்பட்டார். கழுத்தில் தங்கச் சங்கிலியோடு, கத்தரிக்கோலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே ஒரு பெரிய கறுப்புக் குடை. குடைக்குக் கீழே படத்தின் விளிம்பில் ஒரு கை இருந்தது, முழங்கை வரைக்கும். அதற்குமேல் பேப்பர்க்காரர் வெட்டிவிட்டார்கள்.

கொடுப்பதா விடுவதா என்று நாங்கள் யோசித்துக்கொண்டே பிரதியை எடுத்துப் போய்க் கொடுத்தோம். சிநேகிதர் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, "இங்க பாரு, நான் சொன்னேன்ல," என்றார். அடுத்த முறை அவர் வீட்டுக்குப் போனபோது அது சட்டம் போட்டு வரவேற்பறையில் தொங்கியது.